அரசாங்கக் கொட்டாப்புளி

திருத்தணி ரயிலடிக்குப் பக்கத்தில், மீன் மண்டையை உடைப்பதற்கென்றே ஓர் அரசாங்க அலுவலகம் இருந்தது. நம்பாதவர்கள் எல்லப்பனைக் கேட்டுக்கொள்ளலாம். அவனுக்குப் பொய் சொல்ல வராது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முயன்று பார்த்தான். அதற்கே இரண்டு விலா எலும்பு போயிற்று.

அலுவலகத்தின் பெயர் அயல் உயிரினத் தகுதிகாண் நிலையம். வெளிநாட்டிலிருந்து வருகிற எந்த உயிரையும் எல்லையிலேயே நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்தச் சமயத்தில் மாநிலத்தின் கைவசம் இருந்த எல்லைகளில் புத்தம்புதியது திருத்தணிதான். ஆந்திராவிடமிருந்து மல்லுக்கட்டி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கப்பலும் விமானமும் வந்து இறங்குவது சென்னையில் அல்லவா என்று ஒரு குமாஸ்தா கேட்டாராம். அவரை எங்கோ தெற்கே மாற்றிவிட்டு, திருத்தணியில் கட்டடம் எழுப்பினார்கள்.

திறந்து எட்டு வருடம் ஆகியும் அங்கே சோதனைக்கு வந்தது ஒரு கூண்டுக் கிளிகளும் ஓர் ஆமையும்தான். இரண்டும் முழுமையாகச் சோதிக்கப்பட்டன. ஆமை ஓட்டை உடைக்க அரைநாள் பிடித்தது என்று பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது.

உடைத்தவன் பேர் பங்காரு. பதவியின் பேர் தட்டுநர். புளியமரத்தில் கடைந்த பெரிய மரச்சுத்தியான கொட்டாப்புளி ஒன்று அவன் பொறுப்பில் இருந்தது; அதன் தலையில் அரசு முத்திரையைச் சூடு போட்டுப் பதித்திருந்தார்கள். உயிரினம் வராத நாட்களில் கை மறந்துவிடக் கூடாது என்று, தினமும் காலை பத்தரைக்கு ஒரு பூசணிக்காயை உடைக்கச் சொல்லி அவனுக்கு எழுத்து மூலமான உத்தரவு. உடைந்ததை ஊழியர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த அலுவலகத்தார் வீடுகளில் எட்டு வருடமாகப் பூசணிக்காய்க் கூட்டுத்தான்.

இப்படியோர் இடத்தில்தான் எல்லப்பன் தன் மீன்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

எல்லப்பன் சாயக்காரன். பள்ளிப்பட்டிலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் தறிக்காரர்கள் நூல் சிட்டங்களை அவன் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். அவன் நனைத்து, முறுக்கி, உலர்த்திக் கொடுப்பான். முழங்கை வரைக்கும் கை சிவப்பாகவே இருக்கும். அவனுடைய மனக்குறை அந்தச் சிவப்புதான். நாப்தால் சாயத்தை எப்படிக் காய்ச்சினாலும், எத்தனை தண்ணீரில் அலசினாலும், கொஞ்சமாவது இறங்கும். வாங்க வருகிறவர்களிடம், "மூணு தொவைக்கு நிக்கும்ங்க, அப்புறம் பக்கத்துத் துணிய புடிச்சிக்கும்" என்று உண்மையைச் சொல்லிவிடுவான். அதனால் வியாபாரம் சுமார்தான்.

சாயப்பொடி வாங்க அரக்கோணம் போனபோது, சேட்டு கடைச் சுவரில் ஜப்பான் கம்பெனி காலண்டர் ஒன்றைப் பார்த்தான். தண்ணீருக்குள் ஒரு மீன். சோறு மாதிரி வெள்ளை உடம்பு, முதுகில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. நாளெல்லாம் தண்ணீரிலேயே கிடக்கிறது, ஒரு சொட்டுச் சிவப்புக்கூடக் கரையவில்லை. எல்லப்பன் சாயப்பொடி வாங்க வந்ததை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சேட்டு கடையைச் சாத்தும்போது காலண்டரைக் கழற்றி அவன் கையில் கொடுத்து அனுப்பினார்.

திருத்தணியில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த யோபு, அவன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். அவர்தான் காலண்டரிலிருந்த விலாசத்தைப் பிடித்து, இங்கிலீஷில் கடிதம் எழுதி, எழுதி, கடைசியில் ஜப்பான் மலைக்கிராமத்தில் பரம்பரையாக இந்தக் கோய் மீனை வளர்க்கிற தகாஹாஷி என்பவரைக் கண்டுபிடித்தார். அவரிடமிருந்து நம்பர் போட்ட போட்டோக்களும் நீண்ட கடிதமும் வந்தன. குட்டியிலேயே பிரமாதமாக இருக்கிற மீனை வாங்காதீர்கள், அது வளர வளர வெளிறிப்போகும் என்று எழுதியிருந்தார். தோள் அகலமாக இருக்க வேண்டும். சிவப்பின் ஓரம் வெட்டி வைத்தாற்போல் நிற்க வேண்டும். இந்த வயதில் ஆணா பெண்ணா என்பது எனக்கே தெரியாது; ஜோடி வேண்டுமானால் பன்னிரண்டாக எடுங்கள், அதில் இரண்டும் இருக்கும். மூன்று வருடம் பொறுங்கள். முட்டையிட நார் மாதிரி ஏதாவது தண்ணீரில் தொங்கவிடுங்கள்.

போட்டோக்களைத் தரையில் பரப்பி, எல்லப்பனும் அவன் பெண்சாதி காஞ்சனாவும் பதினைந்து நாள் பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டைப் பொறுக்கினார்கள். காஞ்சனா கண்ணுக்குச் சாயத்தில் தப்பு தப்பாது. "ஏழாம் நம்பரு வோணாம் பாவா, செவப்பு திட்டா ஒட்டல. நாலு எடு" என்றாள். வீட்டிலிருந்த தறியை விற்றார்கள். லைசென்ஸை அதற்கு முன்பே இரண்டு வருடம் அலைந்து வாங்கியிருந்தான். எல்லப்பனுக்கு வேண்டியது ஒரே ஒரு ஜோடி. ஒரு ஜோடி பிழைத்துவிட்டால், தண்ணீரில் நிற்கிற சிவப்பு தன் வீட்டுத் தொட்டியில் தலைமுறைக்கும் இருக்கும் என்று நினைத்தான். ஆசைப்பட்டதில் தப்பில்லை. எந்த ஊரில் இருந்துகொண்டு ஆசைப்படுகிறோம் என்பதைத்தான் அவன் யோசிக்கவில்லை.

1969 மார்கழியில் மீன்கள் வந்தன. நிலையத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மீன் பிரிவு அதிகாரி பரந்தாமன் புதுச்சட்டை போட்டிருந்தார். பாலித்தீன் பைகளைப் பிரித்துப் பன்னிரண்டையும் முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் விட்டதும், எல்லப்பன் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். விரல் நீளக் குட்டிகள். வந்த களைப்பில் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. சிவப்பு சிவப்பாகவும் தண்ணீர் தண்ணீராகவும் இருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா பாத்துக்க" என்றார் பரந்தாமன் அன்பாக. "விதிப்படி வந்த சரக்குல நூத்துக்குப் பத்து மாதிரி எடுக்கணும். பன்னெண்டுல பத்து சதம்னா ஒண்ணு புள்ளி ரெண்டு. பின்னத்த முழுசாக்கணும். ரெண்டு."

"மாதிரி எடுத்து இன்னா சார் பண்ணுவீங்க?"

"நோவு இருக்கான்னு தொறந்து பாப்போம்."

"நோவு இல்லீங்களே. நல்லா நீந்திகினு கீது பாருங்க."

பரந்தாமனுக்கு இந்தக் கேள்விக்காகவே எட்டு வருடம் காத்திருந்த மாதிரி முகம் மலர்ந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லப்பா, நீ படிக்காதவன், உனக்கு பொறுமையா சொல்றேன். நோவு இல்லன்னு எதை வெச்சி சொல்ற? உசுரோட கீதுன்றத வெச்சி. உசுரோட இருக்கறது ஒரு அத்தாட்சியாய்யா? நானுந்தான் உசுரோட இருக்கேன், எனக்குச் சக்கரை வியாதி. உள்ள தொறந்து பாத்து, ஒண்ணுமில்லன்னு எழுதின மீனுதான் சட்டப்படி நல்ல மீனு. மத்ததெல்லாம் வெறும் அபிப்பிராயம்."

பங்காரு இரண்டு குட்டிகளை வலையில் எடுத்து மணைமேல் வைத்தான். எட்டு வருடம் பூசணிக்காய் உடைத்த கை அது. கொட்டாப்புளி ஒரு முறைதான் இறங்கியது. முதல் குட்டியின் தலை இருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. தெறித்ததில் ஒரு கண் வந்து எல்லப்பன் சட்டையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதுக்கு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சத்தத்தைத் திருப்ப முடியவில்லை.

பரந்தாமன் வயிற்றைக் கீறிப் பார்த்து எழுதச் சொன்னார். "நோயற்றது. பெண். நோயற்றது. பெண்."

ஆணா பெண்ணா என்று தகாஹாஷிக்கே தெரியாததை இந்த நிலையம் தெரிந்து சொல்லிவிட்டது. செத்தவற்றைப் பற்றி மட்டும்.

மறுநாள் அத்தாட்சி வாங்கப் போன எல்லப்பனுக்குப் பரந்தாமன் கோப்பைத் திருப்பிக் காட்டினார். "இதுல பன்னெண்டு மீனுன்னு இருக்கு. தொட்டியில பத்துதான் இருக்கு. ஒத்துவரல. எண்ணிக்கை மாறினா அது புதுச் சரக்கு. முதல்லேருந்து சோதிக்கணும். பத்துல பத்து சதம் ஒண்ணு."

"நீங்கதானே சார் ரெண்டக் கொன்னீங்க."

"அதனாலதான் மாறிச்சி. வேற யாராவது கொன்னிருந்தா போலீஸ்ல சொல்லியிருப்பேன்."

பங்காரு அடித்தான். ஆண். மறுநாள் ஒன்பது, பத்து சதம் புள்ளி ஒன்பது, முழுசாக்கினால் ஒன்று. அடித்தான். பெண். எட்டு. அடித்தான். ஆண். ஒவ்வொரு நாளும் பரந்தாமன், "இன்னிக்கு முடிஞ்சிரும் எல்லப்பா" என்று மனசாரச் சொன்னார். ஒவ்வொரு மறுநாளும் எண்ணிக்கை ஒத்துவராமல் மனசாரவே வருத்தப்பட்டார். ஒரு கணக்கையும் தப்பாகப் போடவில்லை என்பதுதான் எல்லப்பனை மிகவும் பயமுறுத்தியது.

ஏழாக இருக்கும்போது நீர்ப் பிரிவு எழுந்துகொண்டது.

அந்த நிலையத்தில் மீன் பிரிவு, நீர்ப் பிரிவு என்று இரண்டு. நடுக்கூடத்தில் சுண்ணாம்புக் கோடு கிழித்து இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். நீர்ப் பிரிவு அதிகாரி கோமளவல்லி அம்மாள். வெளிநாட்டு மீன் வந்தால் கூடவே வெளிநாட்டுத் தண்ணீரும் வரும் என்று யோசித்து உண்டாக்கிய பதவி. எட்டு வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீர் வராமல் அந்த அம்மாள் பொருமிக்கொண்டிருந்தார். இப்போது தண்ணீர் வந்திருக்கிறது. ஆனால் அதற்குள் மீன் கிடக்கிறது.

"என் தண்ணியில உங்க மீனு அஞ்சு நாளா ஆய் போய்கினு இருக்கு சார். முதல்ல மீனை வெளிய எடுங்க. தண்ணிய நான் சோதிக்கணும்" என்றார் கோமளவல்லி.

"மீனை வெளிய எடுத்தா செத்துரும்."

"அது உங்க பிரிவு விஷயம்."

பரந்தாமன் இதற்குச் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. கோமளவல்லி அம்மாள் மேஜைமேல் இருந்த பித்தளை ரூல்தடியை எடுத்துக் கோட்டைத் தாண்டினார். முதல் அடி பரந்தாமனின் காது மேல். மீன் பிரிவுத் தலைமைக் குமாஸ்தா குறுக்கே விழ, அவருடைய முன்பல் இரண்டும் கோப்புக்குள் விழுந்தன. அவை பிற்பாடு இணைப்பாகச் சேர்த்துத் தைக்கப்பட்டன. நீர்ப் பிரிவு பியூன் துளைபோடும் கருவியால் ஒருவர் கட்டைவிரலைத் துளைத்துவிட்டான். முக்காலி பறந்தது. கோந்து பாட்டில் ஒரு மண்டையில் உடைந்து, ரத்தமும் கோந்துமாக அந்த ஆள் எழ முயன்றபோது, எட்டு வருடப் பகை அவர்மேல் ஏறி மிதித்தது. சண்டை முற்றத்துக்கு நகர்ந்ததில் யாரோ தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். தண்ணீரோடு குட்டிகளும் வெளியே வழிந்தன. தரையில் துடித்த ஏழு குட்டிகளை எல்லப்பன் மண்டியிட்டு வேட்டி மடிப்பில் அள்ளினான். அவன் முதுகில் அடி விழுந்தது, யாருடையது என்று தெரியாது. ஐந்தைத்தான் அள்ளி, தொட்டியை மறுபடி நிரப்பி விட முடிந்தது. இரண்டு, செருப்புக்கால்களுக்கு அடியில் அரைபட்டுத் தரையோடு தரையாகிவிட்டன.

அன்று மாலை இரு பிரிவும் சேர்ந்து ஒரு குறிப்பு எழுதினார்கள். 'பிரிவுகளுக்கிடையே கருத்துப் பரிமாற்றம் சுமுகமாக நடைபெற்றது.' மிதிபட்ட இரண்டையும் மாதிரியாகக் கொள்ள முடியாது, முறையாக அடிக்கப்படவில்லை என்று பரந்தாமன் தனியே ஒரு வரி சேர்த்தார். காதில் கட்டு இருந்தாலும் எழுத்து கோணவில்லை.

மறுநாள் ஐந்தில் ஒன்று. ஆண். நாலு.

எல்லப்பன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்தான். காஞ்சனா சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"எண்ணிக்கை மாறாம இருந்தா கையெழுத்துப் போடுவாரா, மாட்டாரா?" என்று கேட்டாள்.

"போடுவாரு. கோப்புல அஞ்சின்னு கீது. அஞ்சி இருந்தா போடுவாரு."

"அப்ப அஞ்சா பண்ணிடு. நந்தி ஆத்துல கெண்டைக்கா பஞ்சம்?"

எல்லப்பன் அவளை வெறித்துப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லப் போகிற முகம் அது, பார்க்கச் சகிக்காது. நந்தி ஆற்றில் ஒரு கெண்டைக் குட்டியைப் பிடித்து வந்தார்கள். காஞ்சனா ஈரத்துணியில் அதைப் பிடித்துக்கொள்ள, முதுகில் அவன் துணிச்சாயத்தால் மூன்று திட்டு வைத்தான். ஓரம் வெட்டி வைத்தாற்போல் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிலையம் முழுக்கக் குறட்டை விடுகிற நேரத்தில், சொம்பில் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டான். பங்காரு பார்த்தான். பார்த்துவிட்டுப் பூசணிக்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாலு மணிக்கு எண்ணிப் பார்த்தார்கள். ஐந்து. பரந்தாமன் கோப்பைத் திறந்தார். ஐந்து. எட்டு வருடத்தில் முதல் முறையாக எல்லாம் ஒத்துவந்திருந்தது. பேனாவைத் திறந்து, நிப்பை ஒரு முறை தட்டினார்.

அப்போது கோமளவல்லி அம்மாள் தொட்டியை எட்டிப் பார்த்து, "தண்ணி செவக்குது" என்றார்.

இருபது வருடமாக ஊருக்கே உண்மை சொன்னவன், தனக்கு ஒரு தடவை சொல்லிக்கொள்ளத் தவறிவிட்டான். மூன்று துவைக்கு நிற்கிற சாயம், மீன் தோலில் மூன்று மணி நேரம்கூட நிற்கவில்லை.

"ரத்தக் கழிசல்" என்றார் பரந்தாமன். முகம் வெளுத்துவிட்டது. "தொத்து நோவு. அடி பங்காரு, எல்லாத்தையும் அடி."

வலையில் எடுக்க நேரமில்லை. பங்காரு தொட்டிக்குள்ளேயே இறங்கிக் கொட்டாப்புளியால் தண்ணீரைச் சாத்தினான். சாயமும் ரத்தமும் சுவரெல்லாம் அடித்தது. ஒன்று போயிற்று. இன்னொன்று இரண்டாகப் போயிற்று. மூன்றாவதாக அகப்பட்டது கெண்டை. அதைக் கையில் தூக்கிய பங்காரு, சிவப்பு வழிந்துபோய் உள்ளூர் மூஞ்சி தெரிவதைப் பார்த்து நின்றான். பரந்தாமனும் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் வந்த வேதனை நிஜமானது.

"அரசாங்கத்த ஏமாத்திட்டியே எல்லப்பா. உள்ளூர் மீனை வெளிநாட்டு மீனுன்னு சொல்லி உள்ள வுட்டுட்டியே. அந்த எண்ணிக்கைய நான் நம்பினேன்யா."

போலீஸ் வந்தது. இரண்டு பேர். வாசல் வாழைமரம் இன்னும் காய்ந்துகொண்டு நின்றது. அதனடியில் எல்லப்பனைக் கவிழ்த்துப் போட்டு லத்தியால் சாத்தினார்கள். ஒரு காவலர், நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி, எது எந்த மீன் என்று பரந்தாமனிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினார். இரண்டு விலா போயிற்று. யோபு ஓடிவந்து கையைப் பிடித்து, காலைப் பிடித்து, ரிக்‌ஷாவில் ஏற்றினார்.

"வுட்டுடு எல்லப்பா" என்றார் வழியில். "கர்த்தர் புண்ணியத்துல உசுரு கீது. இன்னும் ரெண்டு மீனுதானே."

"ரெண்டு போதும் யோபு" என்றான் எல்லப்பன். வாயில் ரத்தம். "ஒரு ஜோடிதானே வோணும்."

ஜோடியா என்பது அவனுக்கும் தெரியாது. உலகத்தில் அதைக் கண்டுபிடிக்கிற ஒரே ஆள் பரந்தாமன்தான்.

பத்து நாள் கழித்து, நெஞ்சைச் சுற்றிக் கட்டுடன் எல்லப்பன் நிலையத்துக்கு வந்தான். எண்ணிக்கை மாறியிருந்ததால் கடைசிச் சோதனை. பரந்தாமன் அவன்மேல் கோபமில்லை என்று காட்ட, உட்கார நாற்காலி போடச் சொன்னார். காப்பி வரவழைத்தார்.

"ரெண்டுல பத்து சதம் புள்ளி ரெண்டு. முழுசாக்கினா ஒண்ணு. நாளைக்கு ஒண்ணு இருக்கும். அதுல பத்து சதம் புள்ளி ஒண்ணு. முழுசாக்கினா ஒண்ணு. அதுக்கப்புறம் பாரு, தொட்டியிலயும் ஒண்ணுமில்ல, எழுதவும் ஒண்ணுமில்ல. எண்ணிக்கை மாறவே மாறாது. அப்ப உனக்கு சுத்தமான அத்தாட்சி கெடைக்கும். எந்தக் கொம்பனும் கேள்வி கேக்க முடியாது."

"எனக்கு மீனு வோணும் சார்."

"எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு வோணும்ப்பா. எனக்கு என்ன மீனுமேல பகையா? நான் மீனே சாப்புடறதில்ல. இந்த ரெண்டையும் வுட்டுட்டா நாளைக்கு என்ன கேப்பாங்க? பத்து செத்ததே, அதுக்கு இன்னா பதில்னு கேப்பாங்க. பன்னெண்டும் செத்தா ஒருத்தனும் கேக்க மாட்டான், நடைமுறைன்னு வுட்டுருவான். பொழைச்சி இருக்கறதுதான்யா எப்பவும் வில்லங்கம். பங்காரு, எடு."

பங்காரு மணையைப் போட்டான். கொட்டாப்புளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வலையை எடுக்கக் குனிந்தான்.

எல்லப்பன் பிறவிச் சாது. நாய்க்குக்கூடக் கல் எடுத்ததில்லை. கொட்டாப்புளி அவன் கைக்கு எப்படி வந்தது என்று கோர்ட்டில் கேட்டபோது, அது பக்கத்தில் இருந்தது என்று மட்டும் சொன்னான். முதல் அடி பரந்தாமனின் நெற்றிமேல் இறங்கியது. தொட்டிச் சுவரில் பின்மண்டை மோதி அவர் உட்கார்ந்தார். இரண்டாவது அடி தோளில். எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது விலா வலி பிடித்துக்கொண்டது, அதனால் பரந்தாமன் பிழைத்தார். முகமெல்லாம் ரத்தம் வழிய, அவர் அந்த நிலையிலும், "தட்டுநர் அல்லாத நபர்... கொட்டாப்புளியைக் கையாண்ட... எழுதிக்கோ" என்று குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பல் இல்லாத குமாஸ்தா எழுதிக்கொண்டார். கோமளவல்லி அம்மாள் தன் பக்கத்துக் கோட்டுக்குள் நின்று, ரொம்பத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்காரு எல்லப்பன் கையிலிருந்து மெல்லக் கொட்டாப்புளியை வாங்கினான். "புடிய இன்னும் கொஞ்சம் கீழ புடிச்சிருக்கணும் நைனா" என்றான் வருத்தமாக.

இனி நடந்ததைச் சட்டம் படித்தவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

போலீஸ் வந்து மகஜர் எழுதியது. குற்றம் நடந்த இடத்தில் இருந்தவை: கொட்டாப்புளி ஒன்று, மணை ஒன்று, மீன் இரண்டு. எல்லாமே சான்றுப் பொருள். சான்றுப் பொருளை, வழக்கு முடிகிறவரைக்கும், கூடாமல் குறையாமல், இருந்தபடியே காக்க வேண்டும். யாராவது கை வைத்தால் ஜெயில். பரந்தாமன் ஆஸ்பத்திரியிலிருந்தே மனு போட்டார். மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்தார். கோர்ட்டு வளாகத்துத் தொட்டியில், துப்பாக்கி ஏந்திய காவலுடன், இரண்டு மீன்களும் குடியேறின. நோயற்ற பத்து மீன்களைச் சட்டப்படி கொன்ற அரசாங்கம், ஒரு மண்டை உடைந்ததும், மிச்சம் இரண்டைச் சட்டப்படி காப்பாற்றத் தொடங்கியது. அந்த ஒரு அடியை முதல் நாளே அடித்திருக்கலாம் என்று எல்லப்பன் ஜாமீனில் வந்த பிறகு அடிக்கடி சொல்வான். அவன் மனம் அவ்வளவு தூரம் கெட்டுப்போயிருந்தது.

சான்றுப் பொருளுக்குத் தீனி போட விதியில் இடமில்லை. காஞ்சனா தினமும் போய்ப் பொரியும் தவிடும் போட்டாள். வழக்கு மூன்று வருடம் நடந்தது. விரல் நீளம் முழ நீளமாயிற்று. வாய்தாவுக்கு வரும் நாட்களில், நெற்றியில் பள்ளத்துடன் பரந்தாமன் தொட்டியருகே வந்து நிற்பார். கோணிப்போன கையால் காற்றிலேயே பத்து சதம் போட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

மூன்றாம் வருடம் மாசி மாதம், கோர்ட்டு இரண்டு நாள் விடுமுறை. காஞ்சனா நனைத்து முறுக்கிய சிவப்பு நூல் சிட்டங்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு போய், தொட்டியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். காவலர் கேட்டார்.

"சாயம் அலசறங்க. வூட்ல தண்ணி இல்ல."

மூன்றாம் நாள் காலை சிட்டங்களைக் கூடையில் எடுத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடினாள். காவலர் தொட்டியை எண்ணினார். இரண்டு. பதிவேட்டில் இரண்டு. கூடையைத் திறந்து பார்த்தார், நூல். போகச் சொன்னார்.

வைகாசியில் தீர்ப்பு. எல்லப்பனுக்கு ஆறு மாதம் வேலூர். சான்றுப் பொருள்கள் உரிய அலுவலகத்துக்குத் திரும்பின. கொட்டாப்புளியைப் பங்காரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். அன்று மதியம் ஒன்று, மறுநாள் காலை ஒன்று. முழ நீள மீன் ஆனதால் ஒவ்வொன்றுக்கும் நாலு அடி தேவைப்பட்டது. கடைசி அடியில் மணை உடைந்தது.

ஆடிக் கிருத்திகை கழிந்த வாரம் காஞ்சனா ஜெயிலுக்கு வந்தாள். மலையில் காவடிக் கூட்டம் கலைந்து பஸ் கிடைக்கவே பாடாகிவிட்டது என்றாள். அப்புறம் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கம்பிக்குள் நீட்டினாள். முத்திரை குத்தின அத்தாட்சி. 'மேற்படி எல்லப்பனின் மீன்கள் முறையாகச் சோதிக்கப்பட்டு முற்றிலும் நோயற்றவை எனச் சான்றளிக்கப்படுகிறது. கடைசி இரண்டு: ஆண் ஒன்று, பெண் ஒன்று. மனுதாரர் தம் மீன்களை எந்த வேலை நாளிலும் பெற்றுக்கொள்ளலாம்.' கீழே பரந்தாமனின் கோணல் கையெழுத்து.

எல்லப்பன் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தான். அடக்க முடியாமல் அழுதான். மூன்று வருடம் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்.

"ஜோடியாத்தான் இருந்துச்சி" என்றான்.

"ஆங், அத அந்த ஆளு எழுதித்தான் தெரியணுமா?" என்றாள் காஞ்சனா. கம்பிக்கு நெருங்கிக் குரலைத் தணித்தாள். "சாயத்தொட்டி நாலும் ரொம்பிப் போச்சி பாவா. குஞ்சு நானூறுக்கு மேல கீது. பாதி கருப்பு, பாதி வெறும் வெள்ளை. ஒரு முப்பதுக்கு மட்டும் செவப்பு நல்லா புடிச்சிருக்கு, முதுவுல."

எல்லப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முழங்கை வரை இருந்த சிவப்பு ஜெயிலில் வெளுத்துப்போய், கை யாருடையதோ மாதிரி இருந்தது.

"தண்ணி எப்படி கீது?"

"தெளிவாத்தான் கீது" என்றாள்.